நிலானியின் படக் கண்ணாடி

எங்கள் ஊரில் இப்போது என்னை யாரும் தமயந்தி என்று கூப்பிடுவதில்லை. கண்ணாடி ஜோசியக்காரி என்கிறார்கள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தால் போதும், "அம்மிணி, எங்கூட்டுக் கண்ணாடியையும் பார்த்து எனக்கு ரெண்டாம் தாரம் அமையுமான்னு சொல்லிட்டுப் போ" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். "மொதல் தாரத்துகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றனுங்" என்று நானும் சொல்லிவிட்டு நடப்பேன். சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டாவது என்னை வீட்டுக்குள் விடுகிறார்களே, அது போதும்.

விஷயம் இதுதான். கல்லாங்கரடு என்கிற எங்கள் ஊர் முழுக்க ஒரே பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழை குறையக் குறைய, ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடுகிறவர்கள் அந்தப் பாறைக்குள் இன்னும் இன்னும் கீழே போனார்கள். என் அப்பா காலத்தில் அறுநூறு அடியில் கிடைத்த தண்ணீர் இப்போது இரண்டாயிரம் அடிக்குக் கீழே இருந்து வெதுவெதுப்பாக வருகிறது. தண்ணீர் மட்டும் வந்தால் பரவாயில்லை. பாறைக்குள் அடைந்து கிடந்த ரேடான் என்கிற வாயுவும் அதில் கரைந்து வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. பீடியைத் தொட்டே பார்க்காத ஆட்களுக்கெல்லாம் நுரையீரலில் கட்டி வந்து, அதில் பாதிப் பேர் பெண்கள் என்று தெரிந்த பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு முழிப்பு வந்தது. வீடு வீடாக சர்வே எடுக்க உள்ளூர்ப் பெண்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் மாட்டியிருக்கிற பழைய கண்ணாடியை வைத்து ரேடானை அளக்க ஆளுக்கொரு பெட்டியும் கொடுத்தார்கள்.

அப்படி ஒரு நாள் என்னைத் தேடி வந்தது கோகிலம் அம்மா. என் சிநேகிதி நிலானியின் அம்மா. நிலானி போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முப்பது வயது, நுரையீரலில்தான், கண்டுபிடித்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு நாலு வயதில் இதழினி என்று ஒரு பெண் குழந்தை, அப்பாவிடம் வளர்கிறது.

"கண்ணு, உன்ற பெட்டிய எடுத்துக்கிட்டு என்கூட வா" என்றாள். "அந்தப் பரணிதரன் வீட்டக் காட்டறேன். தரை கல்லு, செவுரு கல்லு, படிக்கட்டு கல்லு. கல்லு பாலீஷ் பட்டறை வெச்சிருக்கறவன், வீட்டையே கல்லுல எழச்சு வெச்சிருக்கறான். அதுக்குள்ள குடுத்துத்தான் எம்புள்ளையக் கொன்னேன். பேத்தியையும் அங்கயே விட்டுட்டு வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

"அம்மா, கல்லு வீடுன்னாலே கெட்டதுன்னு இல்லீங்க."

"நீ சொல்ல வேண்டாம். பெட்டி சொல்லட்டும். மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன். பெட்டி கெட்டதுன்னு சொல்லுச்சுன்னா புள்ளைய என்கூட அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டாரு."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ப்ளஸ் டூ படித்த இரண்டு வருஷமும் நான் கிடந்தது இந்த அம்மாவின் வீட்டில்தான். எங்களுடையது ஒரே அறை, ஐந்து பேர். நிலானிக்கென்று தனி அறை, ஏசி, மேசை, விளக்கு எல்லாம் இருந்தன. ராத்திரி ரெண்டு டம்ளர் பால் வரும், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அளவில் ஒரு சொட்டுக்கூட வித்தியாசம் இருக்காது.

பரணிதரன் வீட்டுக்குப் போனபோது இதழினி நடுமுற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தாள். பாட்டியைப் பார்த்ததும் ஈரத்தோடு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கோகிலம் அம்மா புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மாப்பிள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவர் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"தொடைச்சிட்டனே, ஒண்ணும் ஆயிராதுங்களா?"

"ஆகாதுங்கண்ணா. ரேடான் காத்துல உடையறப்போ அதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத துகளுங்க தெறிக்கும். அது கண்ணாடிக்குள்ள போய்ப் பதிஞ்சுக்கும். துடைச்சாலும் கழுவினாலும் போகாது. இந்தப் படத்தை மாட்டின நாள்ல இருந்து இந்த வீட்டுக் காத்து எப்படி இருந்துச்சுன்னு வருஷம் வருஷமா இதுல இருக்கும்."

"அப்ப நம்ம நெஞ்சுக்குள்ள?"

"அங்கயும் அதேதான். ஆனா நெஞ்சைக் கழட்டிப் பெட்டியில வைக்க முடியாதுங்களே."

சொன்ன பிறகுதான் யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். படத்தில் நிலானி மாலையும் கழுத்துமாக, போட்டோகிராபர் ஏதோ சொன்னதற்கு வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடினேன். திரையில் ஒரு பட்டை விரிந்தது. அதில் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ரேடான். இந்தப் பட்டை வடித்த கஞ்சி நிறத்தில், ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் வெளிறிப்போய் இருந்தது.

"நல்ல காத்துங்கம்மா" என்றேன். "முற்றம் திறந்து கெடக்குது. தொட்டி மொட்டை மாடியில இருக்குது, அங்கயே வாயு பறந்து போயிருது. இந்தக் கல்லுல இருந்து வர்றது ரொம்பக் கொஞ்சம்."

"பெட்டி ரிப்பேரு" என்றாள் கோகிலம் அம்மா.

"அம்மா..."

"ரிப்பேருங்கறேன்! நல்ல காத்துல இருந்தவளுக்கு எங்க இருந்து வந்துச்சு? சொல்லு. ஆகாசத்துல இருந்து குதிச்சுதா?" குரல் உடைந்தது. குழந்தை பயந்து அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தது. "என்ற வீட்டுக்கு வா. அங்க ஒரு கண்ணாடியப் படி. நல்ல வீட்டுக்குப் பட்டை எப்படி இருக்கும்னு மொதல்ல தெரிஞ்சுக்க. அப்புறம் வந்து இதைப் படி."

அது எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அதனால் போனேன்.

கோகிலம் அம்மாவின் வீட்டைக் கட்டியபோது நிலானிக்குப் பத்து வயது. தெருக் கடைசியில் கல் உடைக்கிற கிரஷர் ஓடிக்கொண்டிருந்த காலம். துணி காயப்போட்டால் வெள்ளையாக மாவு பிடித்துப்போகும். பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும் என்று பயந்து கோகிலம் அம்மா அவள் அறை ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அடைத்து, ஏசி போட்டுக் கொடுத்தாள். அதே காலத்தில்தான் ஊரில் தண்ணீர்த் திருட்டும் நடந்தது. வாசலில் தரைத்தொட்டி இருக்கிற வீடுகளில் ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் வசதி உள்ளவர்கள் தொட்டியை வீட்டுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். கோகிலம் அம்மா வீட்டில் நிலானியின் அறைக்கு அடியில் வெட்டினார்கள். கட்டிலுக்குக் கீழே இரும்பு மூடி இருக்கும். போர் ஓடும்போது அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அருவிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறோம் என்று நானும் நிலானியும் சொல்லிக்கொள்வோம்.

அந்த அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே நிலானியின் வாசம் அப்படியே இருந்தது. அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், அவள் பவுடர், கடைசி மாதங்களில் தடவின தைலம். தலையணைமேல் அவளுடைய நைட்டி மடித்து வைத்திருந்தது.

"கடைசி மூணு மாசம் இங்கதான கெடந்தா" என்றாள் கோகிலம் அம்மா. "அவ போனதுக்கப்புறம் ஜன்னலத் தொறக்கறதே இல்ல. தொறந்தா வாசம் போயிரும். நான் இப்ப இங்கதான் தூங்கறேன். பேத்தி வந்தாலும் இங்கதான் படுக்க வைப்பேன்."

சுவரில் நிலானி பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற படம். வீடு கட்டின வருஷம் எடுத்தது. அதைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பயிற்சியில் என்னென்ன இருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்களோ அத்தனையும் அந்த அறையில் இருந்தது. இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பாலும் பாசமுமாக இருந்த அறையை யாராவது சந்தேகப்படுவார்களா?

பெட்டியை ஹாலுக்கு எடுத்து வந்து படித்தேன். பட்டை தார் ரோடு கணக்காகக் கறுப்பாக வந்தது. அவளுடைய பத்து வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் ஒரே கறுப்பு. அதில் ப்ளஸ் டூ வருஷங்கள் எவை என்று விரல் வைத்து என்னால் காட்ட முடியும். திரையை அணைத்துவிட்டேன்.

நிலானியின் அப்பா செங்கோட்டுவேல் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பார்த்துட்டேன் சாமி" என்றார். "அவகிட்டச் சொல்லாத."

"அப்பா, எப்படீங்க..."

"மாப்பிள்ளை வீட்டைத் திட்டித் திட்டித்தான் அவ இன்னும் உசுரோட இருக்கறா. காலைல எந்திரிக்கறதே அதுக்குத்தான். இதைச் சொன்னீன்னா அவளும் போயிருவா. அவர் மேல பழி போட்டதுக்கு மாப்பிள்ளை கால்ல நான் விழுந்துக்கறேன். பெட்டி ரிப்பேருன்னே சொல்லிரு."

"சொல்லிரலாங்க. அப்புறம் இதழினியக் கொண்டாந்து அந்தக் கட்டில்ல படுக்க வைப்பாங்களே, பரவால்லீங்களா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தம் வராமல் அழுகிற ஆம்பிளையைப் பார்ப்பது பெரிய தண்டனை. நான் சொல்லத்தான் வேண்டும் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

கோகிலம் அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? பட்டை வெள்ளையா வந்துச்சா?"

"இல்லீங்கம்மா" என்றேன். திரையை மறுபடி போட்டுத் திருப்பிக் காட்டினேன்.

"இது எந்தக் கண்ணாடி?"

"அந்தப் பரிசுப் படம்தாங்க."

"நான் மாசா மாசம் தண்ணி டெஸ்ட் பண்றவ. உப்பு பார்த்தேன், ஃபுளோரைடு பார்த்தேன், பில்டர் போட்டேன். எம்புள்ளைக்கு ஒரு பல்லு மஞ்சளாகலையே. தண்ணி நல்ல தண்ணிதான?"

"நல்ல தண்ணிதாங்க. தொட்டியில கொஞ்ச நாள் நின்னா இன்னும் நல்லதாயிரும். அதுல இருக்கற வாயு வெளிய போயிருங்க." கட்டில் பக்கம் கை காட்டினேன். "வெளியன்னா, இந்த ரூமுக்குள்ளதாங்கம்மா. ஜன்னல் அடைச்சிருந்ததால வெளிய போக வழியில்லாம போச்சு. இந்தக் காத்தை இழுத்த எல்லாருக்கும் நோய் வர்றதில்லீங்க. யாருக்கு வரும்னு சொல்ல முடியாது. இவளுக்கு வந்திருச்சு."

கோகிலம் அம்மா கத்தவில்லை. குனிந்து கட்டிலுக்கடியில் அந்த இரும்பு மூடியைப் பார்த்தாள். "உங்கப்பா தொட்டிய வாசல்ல வெட்டலாம்னாரு" என்று சமையல்கட்டில் நின்ற கணவரைக் காட்டினாள். "நாந்தான் உள்ள வெட்டுன்னு சண்ட போட்டேன். தண்ணி திருடிருவாங்கன்னு."

அப்புறம் போனை எடுத்தாள். "மாப்பிள்ளை, நாந்தான் அத்தை பேசறேன். புள்ள உங்ககிட்டயே இருக்கட்டுங்." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். "இல்லீங், ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல காத்து நல்லா வருது." போனை வைத்துவிட்டு, சமையல்கட்டில் போய் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதை எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தொட்டியை மூடிவிட்டு வாசலில் புதிதாக வெட்டித் தர விண்ணப்பம் போட்டோம். அதற்கு வரிசை நீளம், முறை எப்போது வருமோ. அதுவரைக்கும் தொட்டியிலிருந்து கூரைக்கு ஒரு குழாய் ஏற்றி, மேலே இழுவை ஃபேன் மாட்டினேன். ஜன்னல் ரப்பரைப் பிய்த்துப் போட்டேன். ஃபேன் ஓடணும், ஜன்னல் திறந்திருக்கணும், இந்த அறையில் யாரும் தூங்கக் கூடாது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மகள் படத்துக்கு மாலை போட்டு அந்தச் சுவரில் மாட்டியிருந்தாள், புதுக் கண்ணாடி. அதை எதற்கும் அடுத்த ஆடியில் வந்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடுவில் நல்ல செய்திகள்தான் வந்தன. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைக் கூட்டி வருகிறார். மாமியாரும் மருமகனும் ஒரே கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டு பேசுகிற அளவுக்கு ராசியாகிவிட்டார்கள். வழியில் போகும்போதெல்லாம் பார்ப்பேன், ஞாயிறானால் அந்த ஜன்னல் பப்பரப்பே என்று திறந்திருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆடியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சொல்லாமல் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் சத்தம் இல்லை. கோகிலம் அம்மா அறைக்குள் கட்டிலில் படுத்திருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள். செங்கோட்டுவேல் அப்பா ரேஷனுக்குப் போயிருந்தார்.

நான் மாலை போட்ட படத்தைக் கழற்றினேன். பெட்டியில் வைத்தேன். ஒரு வருஷப் பட்டை. கன்னங்கரேல் என்று வந்தது.

"என்னங்கம்மா இது?"

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் தொறக்கறீங்களா?"

"பேத்தி வர்றப்போ தொறந்துதான வைக்கறேன். ஃபேனும் போடறேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு?"

அவள் தலையணைமேல் இருந்த நைட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியாம அவ இங்க படுத்திருந்தா. தெரிஞ்சு நான் படுத்திருக்கறேன். விடு அம்மிணி. உங்கப்பாகிட்டச் சொல்லாத."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். எத்தனை பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது எல்லாம். எல்லாவற்றையும் விட்டேன். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டேன்.

"ஏய், என்னடி பண்ற?"

"தூக்கம் வருதுங்க."

"எந்திரி. வெளையாடாத. கதவு சாத்திக் கெடக்குது, இதுக்குள்ள வந்து படுக்கறா பாரு! எந்திரிடி!"

"நீங்க ஜன்னலைத் திறக்கற வரைக்கும் இங்கதான். ராத்திரிக்கும் இங்கதான். நாளைக்கும் வருவேன்."

"பைத்தியமா உனக்கு? சின்னப் புள்ள நீ, இந்தக் காத்த எதுக்குடி நீ..."

அதோடு நின்றுவிட்டாள். நான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். சுவரோரம் எப்போதும் என் இடம். நிலானி தனக்கு அந்தப் பக்கம் மூச்சு முட்டும் என்பாள், நான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன்.

"இங்கதான படுப்ப நீ" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேரும். பால் கொண்டாந்து குடுத்துட்டு, தூசி வருமுன்னு கதவ இழுத்துச் சாத்திட்டுப் போவேன்." கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. "ரெண்டு வருசம்."

நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டெஸ்ட் பண்ணுனியா?"

"இல்லீங்க."

"ஊருக்கெல்லாம் பெட்டியத் தூக்கிட்டுப் போறியே, உனக்கு ஏண்டி பண்ணல?"

"பயமா இருக்குதுங்கம்மா" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை.

கோகிலம் அம்மா எழுந்த வேகத்தில் மடியில் இருந்த நைட்டி தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. ஜன்னல் கொக்கி இறுகிப் போயிருந்தது. உள்ளங்கையால் குத்தினாள், குத்தினாள், படாரென்று திறந்தது. அடுத்த ஜன்னலையும் திறந்தாள். கதவைத் தள்ளிவிட்டாள். ஃபேன் சுவிட்சைப் போட்டாள். தெருவில் போன லாரி சத்தமும் தூசியும் உள்ளே வந்தன.

"உங்கம்மா என்னை நம்பித்தான உன்னை அனுப்புனா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். "அவளுக்கு நான் என்னடி பதில் சொல்வேன்? காலைல மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் கூட வர்றேன். நானும் டெஸ்ட் பண்ணிக்கறேன். நீ அழாத. அழுதா மூச்சு இழுப்ப, இழுக்காத, வாயை மூடு, வெளிய போ, எந்திரிச்சு மொதல்ல வெளிய போ."

நான் எழுந்து வாசலில் வந்து நின்றேன். அவள் வரவில்லை. முந்தானையை அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அறைக்குள் இருந்த காற்றை ஜன்னல் பக்கமாக வீசித் தள்ள ஆரம்பித்தாள். மூலை மூலையாகப் போய், கட்டிலுக்கடியில் குனிந்து, அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, ஒரு இடம் விடாமல் தள்ளினாள். அந்த எண்ணெய் வாசமும் பவுடர் வாசமும் தைல வாசமும் என்னைத் தாண்டித் தெருவுக்குப் போயின. அவளுக்கும் அது தெரிந்தது. வீசுவதை அவள் நிறுத்தவில்லை.